ஆள் இருக்கிற வீடு

டிசம்பரில் ஸ்கார்விக் ஊரில் பிற்பகல் நாலு மணிக்கே வெளிச்சம் வடிந்துவிடும். பக்கத்து வீட்டுத் திரைகளை இழுத்து மூடிவிட்டு வரலாம் என்று கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்த நோரீன், வாசலில் சாவியும் கையுமாக நின்றுவிட்டாள். திரைகள் ஏற்கெனவே மூடியிருந்தன.

காலையில் அவற்றைத் திறந்துவிட்டவள் அவள்தான். அதில் சந்தேகமே இல்லை. கண்ணாடியில் பனி உறைந்து, இடது திரையின் ஓரம் அதோடு ஒட்டிக்கொண்டிருந்தது; நகத்தால் சுரண்டிப் பிரித்தெடுத்ததில் விரல் நுனி இன்னும் எரிந்துகொண்டிருந்தது. வீட்டுக்காரர் டெஸ்மண்ட் கனடாவில் மகள் வீட்டில் இருக்கிறார், குளிர்காலம் முடிந்த பிறகுதான் திரும்புவார். அவர் வீட்டைத் திறக்க ஊரில் இருக்கிற ஒரே சாவி நோரீனின் கையில் இருந்தது. திறந்ததாக நினைத்துக்கொண்டு திறக்காமலே வந்திருப்பேன், எனக்கும் வயசாகிறது என்று தன்னையே வைதுகொண்டு அவள் கதவைத் திறந்தாள்.

ஆளில்லாத வீட்டுக்கென்று ஒரு வாடை உண்டு. கம்பளத்தில் ஏறிய குளிரும், அணைந்த கணப்பின் சாம்பலும், பழைய கோட்டுகளில் தங்கிப்போன புகையிலையும், எங்கோ ஒரு குழாய்க்கடியில் மெல்லத் துருப்பிடித்துக்கொண்டிருக்கும் இரும்பும் கலந்த அந்த வாடை, டெஸ்மண்ட் போன நாளிலிருந்து அவளுக்குப் பழகியிருந்தது. இன்று அதற்குள் இன்னொன்றும் இருந்தது. நனைந்த கம்பளி. மழையிலிருந்து உள்ளே வந்தவர் கோட்டைக் கழற்றாமல் நின்றால் வருமே, அந்த வாடை. ஸ்கார்விக்கில் ஒரு வாரமாக மழையே இல்லை, வெறும் உறைபனிதான்.

"டெஸ்மண்ட், நான்தான், விளக்கைப் போடறேன்," என்றாள் உரக்க. அந்தக் குரல் கூடத்தைத் தாண்டி, மாடிப்படியில் ஏறி, மேலே இருட்டில் எங்கேயோ போய் நின்றுகொண்டது.

வெறும் வீட்டில் பேசுகிறாளே என்று சிரிக்க வேண்டாம். அது பிரையரி வரிசை என்கிற அந்தத் தெருவின் சட்டம். எதிர் வீட்டு ஆட்ரிதான் தெருக் காவல் குழுவின் தலைவி, அவள் போட்ட சட்டம் அது. யார் வெளியூர் போனாலும் பக்கத்து வீட்டுக்காரர் அந்த வீட்டை ஆள் இருக்கிற வீடாகவே வைத்திருக்க வேண்டும். பொழுது சாய்ந்தால் திரையை மூடி விளக்கைப் போட வேண்டும், விடிந்தால் திறந்துவிட வேண்டும், தபாலைப் பொறுக்க வேண்டும், குப்பைத்தொட்டியைத் தெருவுக்கு இழுத்துவிட வேண்டும். உள்ளே இருக்கிற கொஞ்ச நேரமும் வாய்விட்டுப் பேச வேண்டும். இதற்காகவே ஒவ்வொரு வீட்டுச் சாவியும் பக்கத்து வீட்டில் ஒன்று இருக்கும். டெஸ்மண்டின் சாவி நோரீனிடம், நோரீனின் சாவி டெஸ்மண்டிடம். திருடன் நாய்க்கும் பயப்பட மாட்டான், பூட்டுக்கும் பயப்பட மாட்டான், உள்ளே ஆள் இருந்தால் மட்டும்தான் பயப்படுவான் என்பது ஆட்ரியின் வேதம். அது பலிக்கவும் செய்தது. ஸ்கார்விக்கில் கடைசியாக எந்த வீட்டில் திருட்டு நடந்தது என்று கேட்டால் ஊர்க்காரர்களே தலையைச் சொறிவார்கள்.

நோரீன் இந்த ஊருக்கு வந்ததே அதற்காகத்தான். முன்பு லீட்ஸ் நகரத்தில் இருந்தாள். ஒருநாள் அவள் மாடியில் தூங்கிக்கொண்டிருந்தபோது கீழே எவனோ புகுந்தான். போனது ஒரு கைப்பையும் சில்லறை நகைகளும்தான். ஆனால் விடிந்து பார்த்தால் அவள் கட்டிலுக்குப் பக்கத்தில், கம்பளத்தில், சேறு பதிந்த இரண்டு பாதங்கள் இருந்தன. கட்டிலைப் பார்த்தபடி. அவன் அங்கே எவ்வளவு நேரம் நின்றான் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அன்றைக்குப் போன தூக்கம் திரும்பி வரவே இல்லை; அதோடு, எதற்கும் சிரித்துப் பேசுகிற, யாரையும் வாய்க்கு வாய் கலாய்க்கிற அந்தப் பழைய நோரீனும் போய்விட்டாள். போலீஸின் குற்ற வரைபடத்தை எடுத்து வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் பார்த்தாள். ஒரு குற்றத்துக்கு ஒரு புள்ளி. லீட்ஸ் அம்மை போட்ட உடம்பு மாதிரி இருந்தது. ஸ்கார்விக் கழுவித் துடைத்த தட்டு. இங்கேயும் தூங்க முடியாவிட்டால் இனி எங்கே போவது என்பதுதான் அவளுக்கு இருந்த ஒரே கவலை.

வீட்டுக்கு வந்து இரண்டு தாழ்ப்பாளையும் போட்டுவிட்டு ஆட்ரிக்குப் போன் செய்தாள். ஆட்ரி பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"போலீஸ்ல ஒரு வார்த்தை சொல்லிடட்டுமா?" என்றாள் நோரீன்.

மறுமுனையில் டீ உறிஞ்சுகிற சத்தம் நின்றது. "என்ன காணாமப் போச்சு?"

"ஒண்ணும் போகல."

"பூட்டு?"

"நல்லாத்தான் இருக்கு."

"அப்ப என்னன்னு சொல்வ கண்ணு? திரை மூடியிருக்கு, வந்து பிடிங்கன்னா? நீ போன் போட்டா வரைபடத்துல ஒரு புள்ளி விழும். நம்ம தெரு மேல விழும். இந்தச் சனிக்கிழமை பாதுகாப்பான ஊர்னு பலகை குடுக்கறாங்க. புள்ளியை வெச்சுக்கிட்டு நான் எந்த மூஞ்சியோட போய் வாங்கறது?"

"எனக்குப் பயமா இருக்கு ஆட்ரி."

"இருக்கட்டும், நல்லதுதான். பயம் இல்லாட்டி நம்ம குழுவுக்கு யாரு வரப் போறா?" ஆட்ரி சிரித்தாள். "நாளைக்கு இன்னும் கொஞ்சம் சத்தமாப் பேசு. பாட்டுக்கூடப் பாடு. அங்க யாரு கேக்கப் போறா?"

அதுதான் நோரீனை உறுத்தியது. ஏனென்றால் அவள் வெறும் விளக்கு, டீ, வானிலை என்று பேசவில்லை. முதல் சில நாள் அப்படித்தான் பேசினாள். பிறகு, தனியாக இருக்கிறவளுக்கு வாய் திறக்க ஒரு இடம் கிடைத்தால் என்ன ஆகுமோ அது ஆகிவிட்டது. டெஸ்மண்டின் காலி நாற்காலிக்கு எதிரே நின்றுகொண்டு லீட்ஸ் கதையைச் சொன்னாள். செத்துப்போன கணவனின் குறட்டையைப் பற்றிச் சொன்னாள். எந்த இரவு எத்தனை தடவை விழித்தாள், எந்த மாத்திரை வேலை செய்யவில்லை, எந்தப் பலகையில் கால் வைத்தால் கிறீச்சிடும், கதவை எப்போது பூட்டுவாள், எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லச் சொல்ல மனசு லேசானது. யாரோ உட்கார்ந்து பொறுமையாகக் கேட்கிற மாதிரிகூட இருந்தது. அந்த நினைப்பு அப்போது ஆறுதலாக இருந்தது. இப்போது அவள் எழுந்து போய்த் தாழ்ப்பாளை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தாள்.

மறுநாள் பிற்பகல் போனபோது திரைகள் காலையில் அவள் விட்டபடியே திறந்திருந்தன. ஒரு நிமிஷம் நிம்மதியாக மூச்சு விட்டாள். பிறகு கதவுக்குப் பின்னால் இருந்த கோட்டு மாட்டியைப் பார்த்தாள்.

அங்கே டெஸ்மண்டின் அகலமான மேல்கோட்டுகளுக்கு நடுவில், பெண்கள் போடுகிற கரும்பச்சைக் கம்பளிக் கோட்டு ஒன்று தொங்கியது. காலையில்கூட அது அங்கே இல்லை. கீழ் விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டி, கம்பளத்தில் ஒரு தட்டளவு இருண்டிருந்தது. நோரீன் கிட்டே போனாள். தொடவில்லை. கழுத்துப் பக்கம் துணி கொஞ்சம் சூடாக இருந்த மாதிரி அவள் கன்னத்துக்குப் பட்டது, அப்போதுதான் கழற்றிப் போட்டது போல. மாடியில் கட்டில் கம்பிச்சுருள் ஒன்று, பாரம் இறங்கியதும் நிமிர்வதுபோல், மெல்ல முனகிவிட்டு நின்றது.

விளக்கைப் போடாமலே வெளியே ஓடி வந்தாள்.

அன்று வியாழக்கிழமை. ஷோனா என்கிற சமூகக் காவல் அதிகாரி வியாழக்கிழமைகளில் நூலகத்தின் மூலையில் ஒரு மேசை போட்டு உட்காருவாள். நல்ல பெண். புள்ளி விழாமல் வந்து பார்க்க முடியுமா என்று நோரீன் குரலைத் தாழ்த்திக் கேட்டபோது அவள் சிரிக்கவில்லை, தொப்பியை எடுத்துக்கொண்டு கூடவே நடந்து வந்தாள். ஒவ்வொரு அறையாகப் பார்த்தாள், அலமாரிகளைத் திறந்து பார்த்தாள், கட்டிலுக்கடியில் டார்ச் அடித்தாள். பின்கதவு பூட்டியிருந்தது. ஜன்னல்கள் எல்லாம் ஆட்ரியின் விதிப்படி பூட்டப்பட்டு, அவற்றின் சாவிகள் டெஸ்மண்டோடு கனடாவில் இருந்தன.

"யாரும் உள்ள வந்த அடையாளமே இல்லைங்க நோரீன். எதுவும் களவு போகல. வீட்டுக்காரரும் புகார் சொல்லல. நான் எதைன்னு எழுதிக்கறது?"

"போனாத்தான் எழுதுவீங்களா? இங்க வந்திருக்கு ஷோனா. இந்தக் கோட்டு வந்திருக்கு."

"ஒரு பொருள் கூடுதலா இருக்குன்னு புகார் எடுத்துக்க எங்ககிட்ட வழியில்லைங்க." ஷோனா கோட்டை மாட்டியிலிருந்து எடுத்து, நோரீனின் தோளுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். "உங்க அளவாத்தானே இருக்கு. நீங்களே கழட்டி மாட்டிட்டு மறந்திருப்பீங்களோ?"

"என்கிட்ட பச்சைக் கோட்டே கிடையாது."

ஷோனா அதைத் திரும்ப மாட்டினாள். வாசலுக்கு வந்ததும் நோரீனின் கையைப் பிடித்துக்கொண்டாள். "லீட்ஸ்ல உங்களுக்கு நடந்தது எனக்குத் தெரியும். அப்படி ஒண்ணு நடந்தவங்களுக்கு அப்புறம் எல்லாச் சத்தமும் திருடன் சத்தமாத்தான் கேக்கும். டாக்டரைப் பாருங்க. இந்த ஊர்ல இதைவிடப் பத்திரமான தெரு எதுவும் இல்லை, நான் சொல்றேன்."

அவள் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. நோரீனுக்கு அழுகை வந்ததே அதனால்தான். திருட்டு நடந்திருந்தால் குறைந்தபட்சம் அவளை நம்புவதற்கு ஒரு ஆளாவது கிடைத்திருக்கும்.

அன்று மாலை அவள் சீக்கிரமே படுக்கலாம் என்று மாடி ஏறினாள். பிரையரி வரிசையில் வீடுகள் தோளோடு தோள் ஒட்டியதுபோல் நிற்பவை. அவள் மாடிப்படிக்கும் டெஸ்மண்டின் மாடிப்படிக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர்தான். இத்தனை நாளும் அந்தச் சுவர் வழியாகக் குழாய்த் தண்ணீரின் களகளப்போ, அவருடைய டிவியின் முணுமுணுப்போ, காலணி கழற்றிப் போடும் சத்தமோ வரும்; அவர் போன பிறகு சுவர் சுவராகவே இருந்தது. இன்று அவள் ஒரு படி ஏறினால் அந்தப் பக்கமும் யாரோ ஒரு படி ஏறினார்கள். முதலில் எதிரொலி என்று நினைத்தாள். வேகமாக ஏறினாள், அதுவும் வேகமாக ஏறியது. பாதி வழியில் சட்டென்று நின்றாள்.

அது ஒரு படி அதிகமாக ஏறிவிட்டது. பிறகு நின்றது.

நோரீன் மூச்சைப் பிடித்துக்கொண்டு காதைச் சுவரில் வைத்தாள். வால்பேப்பர் குளிர்ந்திருந்தது. முதலில் தன் ரத்தத்தின் இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு அதற்கு அடியில், வெகு கிட்டத்தில், அந்தப் பக்கம் இன்னொரு காது வைத்திருந்தால் எவ்வளவு கிட்டத்தில் இருக்குமோ அவ்வளவு கிட்டத்தில், ஒரு பேச்சு கேட்டது. வார்த்தைகள் பிடிபடவில்லை. வாய் நிறைய எதையோ அடக்கிக்கொண்டு பேசுகிற மாதிரி தடித்து, குழறி வந்தது. ஆனால் அந்தப் பேச்சின் ஏற்ற இறக்கம் அவளுக்குத் தெரிந்தது. ஒரே வாக்கியம், திரும்பத் திரும்ப. நிறுத்தி, திருத்தி, மறுபடியும். நடுவில் ஒரு சின்ன இழுப்பு. எங்கேயோ கேட்ட இழுப்பு. அது தன்னுடைய இழுப்புதான் என்று அவள் ஒப்புக்கொள்ள அன்று இரவு முழுவதும் ஆயிற்று.

காலையில் அவளுக்குத் தொண்டை கட்டியிருந்தது. கண்ணாடி முன் நின்று தன் பெயரைச் சொல்லிப் பார்த்தாள். காற்றுதான் வந்தது. குளிர் பிடித்திருக்கும் என்று வெந்நீரும் தேனும் குடித்தாள்.

வெள்ளிக்கிழமை பக்கத்து வீட்டுப் பக்கமே அவள் போகவில்லை. ஆனாலும் காலையில் திரை திறந்ததையும், பொழுது சாய்ந்ததும் மூடி விளக்கு எரிந்ததையும் எதிர் வீட்டிலிருந்து பார்த்த ஆட்ரி, குழுவின் வாட்ஸ்அப்பில் அவளுக்குக் கட்டைவிரல் உயர்த்தினாள்.

சனிக்கிழமை ஊரே நகர மண்டபத்துக்குப் போயிருந்தது. நோரீன் போகவில்லை. வெயில் இல்லாத வெளிச்சம் ஜன்னலில் சாம்பலாகிக்கொண்டிருந்தபோது கூடத்துப் போன் அடித்தது. டெஸ்மண்ட். பஸ் ஓட்டிப் பழகியவர், எப்போதும் இரைச்சலுக்கு மேலே பேசுகிறவர் மாதிரிதான் பேசுவார்.

"என்ன நோரீன், தொண்டை சரியாச்சா?"

"தொண்டையா?" என்று கிசுகிசுத்தாள்.

"எங்க ஆச்சு, இன்னும் மோசமால்ல இருக்கு. நேத்து கரகரன்னாவது இருந்துச்சு. நேத்துதான் நம்ம வீட்டு நம்பருக்கு ஒரு போன் போட்டேனே, யாராவது செய்தி பதிஞ்சு வெச்சிருக்காங்களான்னு பாக்க. நீ எடுப்பேன்னு நான் நினைக்கவே இல்ல."

நோரீன் போன் இருந்த சின்ன மேசையைப் பிடித்துக்கொண்டாள். "நான் என்ன சொன்னேன் டெஸ்மண்ட்?"

"என்னைக் கேக்கறியா? நல்லா சிரிக்கச் சிரிக்கப் பேசின. என் பஸ்ஸைப் பத்தி என்னவோ கேலி பண்ணின. நீ இப்படியெல்லாம் பேசுவியான்னு நானே அசந்துட்டேன் போ."

"வேற என்ன?"

"வேற என்ன, சாவிதான். உன் வீட்டுக் கதவு தானா சாத்திக்கிச்சு, என்கிட்ட குடுத்து வெச்ச சாவி எங்க இருக்குன்னு கேட்ட. சமையல் ரூம்ல பாய்லர் பக்கத்துல ஆணில தொங்குதுன்னு சொன்னேனே. கிடைச்சுதுல்ல?"

அவர் இன்னும் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். நோரீன் போனை மேசையிலேயே வைத்துவிட்டாள்.

தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு உள்ளேயே இருக்கலாம். எத்தனை நாளைக்கு? பால் வாங்க ஒருநாள் வெளியே போக வேண்டும். போய்த் திரும்பி வந்தால், தன் வீட்டுக்குள் எந்த அறையில் எது நிற்கும் என்று தெரியாமல் கதவைத் திறக்க வேண்டும். மறுபடியும் கட்டிலுக்குப் பக்கத்தில் பாதங்கள். இல்லை. அது மட்டும் இனி ஒருபோதும் கூடாது. அந்தச் சாவி அவளுக்கு வேண்டும். இப்போதே, கொஞ்சமாவது வெளிச்சம் இருக்கும்போதே.

கோட்டு போடக்கூட நிற்காமல் இறங்கி நடந்தாள். டெஸ்மண்டின் கதவைத் திறந்தாள். ஓடி வர வசதியாக இருக்கட்டும் என்று கதவை அகலத் திறந்து வைத்தாள், சாவியையும் வெளிப்பக்கப் பூட்டிலேயே விட்டாள். தெருவில் ஒருவரும் இல்லை. எல்லா வீட்டிலும் திரை மூடி விளக்கு எரிந்தது. எந்த வீட்டில் நிஜமாக ஆள் இருக்கிறது என்று வெளியிலிருந்து யாராலும் சொல்லிவிட முடியாது.

கூடம் இருட்டு. வாடை மாறியிருந்தது. நனைந்த கம்பளி இல்லை, குளிர் இல்லை, சாம்பல் இல்லை. சோப்பு. லாவெண்டர். அவள் தலையணைக்கடியில் வைக்கிற தைலம். ஆள் குடியிருக்கிற வீட்டு வாடை. அவள் வீட்டு வாடை.

மாட்டியைப் பார்த்தாள். பச்சைக் கோட்டு இல்லை.

நட. சமையலறைதான். பத்தடிகூட இருக்காது.

குழாய் சொட்டியது. பாய்லர் உறுமிக்கொண்டிருந்தது. அவள் அதை ஏற்றவே இல்லை. கையால் சுவரைத் துழாவினாள். ஆணி கிடைத்தது.

வெறும் ஆணி.

பின்னால் முன்கதவு சாத்திக்கொண்டது. அறைந்து அல்ல. தூங்குகிறவரை எழுப்பக் கூடாது என்று சாத்துவார்களே, அப்படி. பிறகு பூட்டில் சாவி திரும்பியது.

ஓடினாள். கைப்பிடியைப் பிடித்து உலுக்கினாள். அசையவில்லை. தபால் துவாரத்தின் மூடியைத் தூக்கிப் பார்த்தாள். நடைபாதையில் ஒரு பச்சைக் கோட்டின் விளிம்பு, அவசரமே இல்லாமல், அவள் வீட்டுப் பக்கம் திரும்பி மறைந்தது. கத்த வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

போன். கூடத்தில் போனை நிறுத்தி வைக்கிற தாங்கி இருந்தது. போன் இல்லை. பின்கதவு. பூட்டு. ஜன்னல். பூட்டு.

சுவருக்கு அந்தப் பக்கம் அவள் வீட்டுக் கதவு திறந்தது. காலடிகள் கூடத்தைக் கடந்தன. கிறீச்சிடுகிற பலகையைக் கவனமாகத் தாண்டி நடந்தன. கெட்டிலில் தண்ணீர் நிறைந்தது.

அப்போதுதான் வாசலில் இன்னொரு சத்தம். யாரோ நோரீனின் கதவைத் தட்டினார்கள். ஆட்ரி. தட்டும்போதே பேச ஆரம்பித்துவிடுகிற ஆட்ரி. நோரீனின் உடம்பெல்லாம் ஒரு நம்பிக்கை ஓடியது. கதவு திறக்கும், பார்ப்பாள், அலறுவாள், ஊரே கூடும்.

கதவு திறந்தது. ஆட்ரி அலறவில்லை.

"பலகையை வாங்கிட்டேன் கண்ணு, மேயர் கையால. நீ ஏன் வரல? என்ன, இன்னிக்கு முகம் பளிச்சுனு இருக்கு. தூங்கினியா?"

"நல்லாத் தூங்கினேன் ஆட்ரி. உள்ள வாங்க, டீ போட்டுட்டேன். மேயரு கை குடுத்தாரா, இல்ல உங்களைப் பாத்ததும் பயந்து பின்வாங்கிட்டாரா?"

ஆட்ரி விழுந்து விழுந்து சிரித்தாள்.

நோரீனுக்கு அந்தக் குரல் அடையாளம் தெரிந்தது. கரகரப்பு இல்லை, நடுக்கம் இல்லை. லீட்ஸுக்கு முந்தைய குரல். இத்தனை வருஷமாக அவள் தேடிக்கொண்டிருந்த குரல்.

அவள் சுவருக்குப் பாய்ந்தாள். இரண்டு முஷ்டியாலும் குத்தினாள். மாட்டியிருந்த படம் ஒன்று விழுந்து உடைந்தது. அதன் சட்டத்தை எடுத்துக்கொண்டு குத்தினாள். வலித்தது, நிறுத்தவில்லை. அந்தப் பக்கம் பேச்சு நின்றது.

"பக்கத்துல என்ன சத்தம்?" என்றாள் ஆட்ரி. "டெஸ்மண்ட் ஊர்ல இல்லையே."

"அங்க யாரும் இல்ல ஆட்ரி. நான்தான் இப்பப் போய்ப் பாத்து, பூட்டிட்டு வந்தேன். ஆள் இருக்கற மாதிரி இருக்கட்டும்னு ஒண்ணு விட்டுட்டு வந்திருக்கேன்."

நோரீன் தட்டினாள். தட்டினாள். தட்டினாள்.

ஆட்ரி கொஞ்ச நேரம் காதைக் கொடுத்துக் கேட்டாள். கோப்பை தட்டில் உட்காருகிற சத்தம் வந்தது. பிறகு அவள் பேசினாள். குரலில் அப்படியொரு திருப்தி.

"அடேயப்பா. நிஜமாவே உள்ள ஒரு ஆள் இருக்கற மாதிரியே இருக்கு கண்ணு. இத்தனை வருஷத்துல இவ்வளவு நல்லா யாரும் செஞ்சதில்ல."

ஆட்ரி கிளம்பிப் போன பிறகு, தெரு அடங்கிய பிறகு, நோரீன் சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். கைகளில் ரத்தம் உறைந்திருந்தது. சுவரின் அந்தப் பக்கத்தில், சரியாக அவள் தலை சாய்ந்திருந்த இடத்தில், ஒரு உள்ளங்கை வந்து படிந்தது. பிறகு அது தட்ட ஆரம்பித்தது. மெதுவாக, அன்பாக, அழுகிற குழந்தையைத் தூங்க வைப்பது போல, விடாமல் தட்டிக்கொண்டே இருந்தது.